காரைத் தாழ்த்திய பின் வரும் சாய்வும் டயர்த் தேய்மானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் உயரத்தைக் குறைப்பதற்காக ஸ்பிரிங் மாற்றியவர்களில் பலர் சில வாரங்களில் இரண்டு குறைகளைச் சொல்கிறார்கள். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்பது ஒன்று. புது டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் கி.மீ.க்குள் வழவழவென்று ஆகிவிட்டது என்பது மற்றொன்று. சாய்வுக்கு ஸ்பிரிங்கையும் தேய்மானத்துக்கு டயரையும் குறை சொல்லி, இரண்டையும் மாற்றிவிட்டு, அதே குறையோடு மறுபடி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான சமயங்களில் பொருளில் கோளாறு இருப்பதில்லை. பொருத்திய விதத்திலும் பொருத்திய பின் அளக்காமல் விட்டதிலும்தான் இருக்கிறது. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த தூண்) பின்பக்கம் டார்ஷன் பீமும் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) கொண்ட சிறிய கார்களை, குறிப்பாக நம் ஊரில் அதிகம் தாழ்த்தப்படும் ஃபோக்ஸ்வாகன் போலோ, மாருதி ஸ்விஃப்ட் ஆகியவற்றை மனத்தில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கார் உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டு வாசல், தெருவோரம், பெட்ரோல் பங்க் ஆகிய எதுவுமே மட்டமான தரை அல்ல. மழைநீர் ஓடுவதற்காக எல்லாவற்றுக்கும் வாட்டம் கொடுத்தே கட்டியிருப்பார்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. நான்கு சக்கரங்களும் நிற்கப்போகும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, குழாயின் இரு முனைகளிலும் நீர்மட்டத்தை ஒப்பிட்டு, தாழ்ந்திருக்கும் இடங்களில் தரை டைல் துண்டுகளை அடுக்கி நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேர வேலைதான் என்றாலும், இதைச் செய்யாமல் எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

அதன் பின் காற்றழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் சரிபார்த்து, டிக்கியைக் காலி செய்து, காரில் எவரும் இல்லாதபோது, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள தூரத்தை மி.மீ. கணக்கில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஃபெண்டர் வரை அளந்தால், டயரின் காற்றும் தேய்மானமும் சேர்ந்து அளவைக் கெடுத்துவிடும். கதவுகளுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடங்களிலிருந்து தரை வரை உள்ள உயரத்தையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். எப்போதோ நடந்த சிறு விபத்தில் ஃபெண்டர் மாற்றப்பட்டிருந்தால், அதன் விளிம்பு சில மி.மீ. விலகியிருக்கக்கூடும், ஃபெண்டர் அளவு வேறுபட்டு ஜாக்கி இடத்து அளவு ஒத்திருந்தால், சாய்ந்திருப்பது கார் அல்ல, அந்தத் தகடுதான்.

கேள்வி: எத்தனை மி.மீ. வேறுபாடு வந்தால் கவலைப்பட வேண்டும்?

இடம் வலம் இடையே 5 மி.மீ. வரை இருந்தால் நான் பொருட்படுத்துவதில்லை. தாழ்த்தாத காரிலும் அந்த அளவு வேறுபாடு காணப்படும். 10 மி.மீ.-ஐத் தாண்டினால் காரணம் தேடியே ஆக வேண்டும். நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், அவர் ஏறியதும் அந்தப் பக்கம் சில மி.மீ. இறங்குவது இயல்பு. 45 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 33 கிலோ எடை இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் டேங்க் ஒரே அளவில் இருக்கும்போது அளப்பது நல்லது.

கேள்வி: ஸ்பிரிங் மாற்றி ஜாக்கியிலிருந்து இறக்கியதும் கார் பழைய உயரத்திலேயே நிற்கிறதே?

ஜாக்கியில் தொங்கும்போது சக்கரங்கள் உட்புறமாக ஒடுங்கியிருக்கும். கீழே இறக்கிய பின் டயரின் பிடிப்பு அவற்றை மறுபடி விரிய விடாது. அதனால்தான் கார் உயரமாகவும் சில சமயம் கோணலாகவும் தெரிகிறது. பத்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் இரண்டு மூன்று முறை அழுத்திவிட்ட பிறகே அளக்க வேண்டும். புது ஸ்பிரிங்கும் அதன் ரப்பர் இருக்கைகளும் முதல் சில நூறு கி.மீ.க்குள் இன்னும் சிறிது படியும். ஆகையால் முதல் நாள் எடுத்த அளவை வைத்து எவரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: இடது முன்பக்கம் உயர்ந்திருக்கிறது. அப்படியானால் கோளாறு அந்த ஸ்பிரிங்கில்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நான்கு கால் கொண்ட நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால், அந்தக் காலும் அதற்குக் குறுக்கே எதிரில் உள்ள காலும் சுமையை அதிகமாக ஏற்கின்றன. காரிலும் இதுவே நடக்கிறது: இடது முன்பக்கம் உயர்ந்தால் வலது பின்பக்கத்தின் மீது சுமை கூடி அது சற்றுத் தாழும். மாறாக, வலது பின்பக்கத்தில் உள்ள கோளாறும் இடது முன்பக்கத்தில் வெளிப்படலாம். எந்தப் பக்கம் என்பதைப் பிரித்துப் பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, காரின் முன்பக்கத்தை அதன் நடுவில் உள்ள குறுக்குச் சட்டத்தில், தயாரிப்பாளர் அனுமதிக்கும் இடத்தில், டிராலி ஜாக்கியால் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும் வரை தூக்குங்கள். இப்போது முன்பக்கம் ஒரே புள்ளியில் தாங்கப்படுவதால், முன் ஸ்பிரிங்குகளால் காரைப் பக்கவாட்டில் சாய்க்க முடியாது. இந்த நிலையில் பின்பக்கத்தின் இட வல அளவுகள் ஒத்துவந்தால் பின்பக்கம் குற்றமற்றது, தேட வேண்டிய இடம் முன்பக்கம். சாய்வு அப்படியே நீடித்தால் பின்பக்க ஸ்பிரிங், அதன் ரப்பர் இருக்கை, பீம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையின்போது எவரும் காருக்கு அடியில் செல்லக் கூடாது. அளவு எடுப்பது முழுவதும் வெளியில் நின்று செய்யும் வேலை.

கேள்வி: கோளாறு முன்பக்கம் என்று தெரிந்துவிட்டது. அங்கே எதைப் பார்ப்பது?

முதலில் ஸ்பிரிங்கின் நுனியைப் பாருங்கள். ஸ்ட்ரட்டில் உள்ள கீழ்த் தட்டில் ஸ்பிரிங் கம்பியின் நுனி முட்டி நிற்பதற்கென்று ஒரு படி இருக்கும். நுனி அந்தப் படியில் முட்டாமல் விலகி அமர்ந்தாலோ, படியின் மேலேயே ஏறி அமர்ந்தாலோ அந்தப் பக்கம் உயரும். ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளும் ஒலியும் கேட்கும். மேல் ரப்பர் இருக்கை மடிந்திருக்கிறதா, ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் சரியான பக்கம் பார்த்து அமர்ந்திருக்கிறதா என்பதையும் இரு பக்கமும் ஒப்பிட வேண்டும். ஸ்பிரிங்கில் அச்சிட்டிருக்கும் எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தால் ஸ்பிரிங்கும் தலைகீழாக மாட்டப்பட்டிருக்க வாய்ப்புண்டு. சில கார்களுக்கு இடது வலது ஸ்பிரிங்குகளின் பாக எண்களே வேறு. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அதைப் பார்த்து வைக்க வேண்டும்.

போலோ வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காரில் ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் சொருகப்பட்டு, பக்கவாட்டில் ஒரு போல்ட்டால் கவ்வப்படுகிறது. ஸ்ட்ரட் முழுவதுமாக உள்ளே இறங்காத நிலையிலும் அந்தப் போல்ட் இறுகிவிடும். என் காரில் நடந்தது இதுதான். 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்ட மறுநாள் இடது முன்பக்கம் 11 மி.மீ. உயர்ந்தும், வலது பின்பக்கம் 4 மி.மீ. தாழ்ந்தும் இருந்தன. வேலை செய்த பட்டறையில் ஸ்பிரிங் ஜோடி சரியில்லை என்றார்கள். நானும் அதை நம்பி, இடது வலது ஸ்பிரிங்குகளை மாற்றிப் போடச் சொன்னேன். அதே பக்கம்தான் மறுபடியும் உயர்ந்து நின்றது. அதன் பிறகு முன் சக்கரம் இரண்டையும் கழற்றி, டார்ச் அடித்து, நக்கிளின் மேல்வாயைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் ஸ்ட்ரட்டின் தோள் நக்கிளின் மீது ஒட்டி அமர்ந்திருந்தது. இடப்பக்கம் இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. நக்கிளின் பிளவைச் சற்று விரித்து, கீழிருந்து ஜாக்கியால் மெல்ல ஏற்றியதும் ஸ்ட்ரட் கடைசி வரை இறங்கியது. சாய்வு 2 மி.மீ. ஆகக் குறைந்தது. ஸ்பிரிங்குகளை இடம் மாற்றிப் போட்டும் சாய்வு அதே பக்கம் நின்றால் ஸ்பிரிங்கின் மீது குற்றமில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் ஸ்டெபிலைசர் பாரின், அதாவது வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பியின், லிங்க் ராடை ஒரு பக்கம் கழற்றிப் பாருங்கள். கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது அந்தப் போல்ட் துளைக்குள் தடையின்றிப் போய்வர வேண்டும். தட்டி ஏற்றினால்தான் நுழைகிறது என்றால், பார் முறுக்கேறி ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. லிங்க் ராடுகளின் நீளம் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: லோயர் ஆர்ம் புஷ்ஷை எப்போது இறுக்குவது என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அவசரமாக வேலை முடிக்கும் இடங்களில் அதிகம் தவறுவது இங்கேதான். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை அடியில் காரின் சட்டத்தோடு இணைக்கும் கை. அதன் புஷ் என்பது வெளி உறைக்கும் உள் உறைக்கும் நடுவே ஒட்டவைக்கப்பட்ட ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் உறை சட்டத்தோடு பூட்டப்பட்டுவிடும். அதன் பின் ஆர்ம் மேலும் கீழும் அசையும் ஒவ்வொரு முறையும் ரப்பர்தான் முறுகிக் கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால், ரப்பர் தன் இயல்பு நிலையாக அந்தத் தொங்கும் நிலையையே பிடித்துக்கொள்கிறது. காரைத் தரையில் இறக்கியதும் அது முறுகி, ஒரு சிறு ஸ்பிரிங்கைப் போலக் காரை மேலே தள்ளுகிறது. ஒரு பக்கத்தைத் தொங்கவிட்டும் மறுபக்கத்தைத் தரையில் வைத்தும் இறுக்கியிருந்தால் சாய்வு கண்ணுக்கே தெரியும். கார் தாழ்ந்திருப்பதால் முறுக்கும் கூடுதலாக இருந்து, நல்ல ரப்பர்கூடச் சில மாதங்களில் கிழிந்து, ‘கடக் கடக்’ என்ற ஒலி வரத் தொடங்கும்.

இதற்கான தீர்வுக்குச் செலவில்லை. காரைப் பிட் மீதோ, சக்கரங்களோடு தாங்கும் லிஃப்டிலோ நிறுத்தி, முழு எடையும் சக்கரங்களில் இருக்கும்போது, ஆர்மின் உட்பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, காரை அழுத்தி ஆட்டிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். டார்க் அளவுக்கு மேல் இத்தனை டிகிரி என்று திருப்பி இறுக்கும் போல்ட்டுகள் ஃபோக்ஸ்வாகன் கார்களில் உண்டு. அவற்றைக் கழற்றினால் புதியவற்றையே போட வேண்டும். பின் பீமின் முன்முனையில் உள்ள புஷ்களுக்கும் இதே விதி பொருந்தும்.

கேள்வி: பின்பக்கத்தில் என்னென்ன தவறலாம்?

போலோ, ஸ்விஃப்ட் இரண்டிலும் பின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரிலிருந்து பிரிந்து, பீமுக்கும் உடலுக்கும் நடுவே தனியாக நிற்கிறது. மேலும் கீழும் உள்ள ரப்பர் இருக்கைகளில் ஒன்று விடுபட்டாலோ, திரும்பி அமர்ந்தாலோ அந்தப் பக்கம் மாறுபடும். குட்டையான ஸ்பிரிங்கும் நீளமான பழைய ஷாக்கும் சேர்ந்தால், பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுதும் தொங்கும் கணத்தில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் விலகிவிடும். ஜாக்கியில் தூக்கிப் பார்க்கும்போது ஸ்பிரிங் கையால் அசைகிறது என்றால் அந்த ஜோடி பொருந்தாது.

கேள்வி: காயிலோவர் போட்டிருக்கிறேன். இரு பக்கமும் மரைகளை ஒரே எண்ணிக்கையில் வைத்தும் சாய்கிறது.

காயிலோவர் என்பது மரையைத் திருகி உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு. அதில் மரை எண்ணிக்கை ஒத்திருப்பதால் உயரம் ஒத்திருக்கும் என்பது இல்லை. காரின் எடை இட வலமாகச் சமமாகப் பங்கிடப்பட்டிருப்பதில்லை. டியூப் லெவல் பார்த்த தரையில் சக்கர மையத்திலிருந்து அளந்து, ஒரு நேரத்தில் ஒரு மூலையை மட்டும் சிறிதளவு திருப்பி, காரை உருட்டி, நான்கு மூலைகளையும் மறுபடி அளக்க வேண்டும். அடிப்பகுதியைத் திருகி உயரத்தை மாற்றும் வகையாக இருந்தால், உயரத்துக்காக ஸ்பிரிங் தட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: புது ஸ்பிரிங் விலை அதிகம். இருக்கும் ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிக் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். சூடாக்கியும் இறக்குகிறார்களாம்.

வேண்டாம். ஆறு சுற்றுகள் வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அதன் விறைப்பு ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில், அதாவது 20 சதவீதம் கூடுகிறது. ஷாக் அப்சார்பரோ பழைய விறைப்புக்காகச் செய்யப்பட்டது. தட்டின் படியில் அமர வேண்டிய நுனி போய், வெட்டிய முனை தட்டைக் கீறிக்கொண்டு கோணலாக நிற்கும். இரு பக்கமும் ஒரே இடத்தில் வெட்டுவது கைவேலையில் நடக்காத காரியம். சூடாக்குவது இதைவிட மோசமானது: எஃகு பதம் கெட்டு, ஒவ்வொரு பக்கமும் தன் இஷ்டத்துக்குத் தொய்ந்துகொண்டே போகும், ஒருநாள் உடையவும் செய்யும். அப்படிச் செய்த கார்களின் சாய்வை அளந்து சரிசெய்ய முயல்வதில் பயனில்லை. சரியான ஸ்பிரிங் ஜோடியைப் போட்ட பிறகே இந்தப் பக்கத்தின் மற்றப் பதில்கள் பயன்படும்.

கேள்வி: டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்கிறது. கேம்பர்தானே காரணம்?

கேம்பருக்கு, அதாவது முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வுக்குப் பங்குண்டு, ஆனால் முதன்மைக் குற்றவாளி பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம். கார் தாழும்போது சக்கரத்தின் மேற்பகுதி உட்புறமாகச் சாய்கிறது. இதுதான் எதிர்மக் கேம்பர். வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதால் பழி முழுவதும் அதன் மீது விழுகிறது. ஆனால் அதே சமயத்தில், லோயர் ஆர்ம் ஒரு வட்டத்திலும் ஸ்டியரிங் டை ராட் வேறொரு வட்டத்திலும் நகர்வதால், சக்கரம் மேலிருந்து பார்க்கும்போது உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிவிடுகிறது. எந்தத் திசையில் திரும்பும் என்பது காருக்குக் கார் மாறும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் திருப்பம்தான் டயரைத் தின்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு சக்கரத்தின் டோ 0.2 டிகிரி மட்டுமே பிசகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கி.மீ. ஓட்டத்திலும் அந்த டயர் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்கு இது சமம். பத்தாயிரம் கி.மீ.க்கு 35 கி.மீ. ஆகிறது, சாலை என்னும் அரத்தில் டயரை அவ்வளவு தூரம் குறுக்கே தேய்ப்பதாக எண்ணிப் பாருங்கள். கேம்பர் செய்வது வேறு. அது டயரைத் தேய்ப்பதைவிட, சுமையை உள்விளிம்பின் பக்கம் ஒதுக்குகிறது. டோ தேய்க்கும்போது அந்தத் தேய்ப்பு முழுவதும் உள்விளிம்பில் விழுவதற்குக் கேம்பர் வழி செய்கிறது. அதனால்தான், எதிர்மக் கேம்பர் ஒன்றரை டிகிரி வரை இருந்தாலும் டோ சரியாக உள்ள கார் டயரை ஓரளவு சீராகவே தேய்க்கிறது. கேம்பர் ஒரு டிகிரியும் இல்லாமல் டோ கெட்ட கார் சில ஆயிரம் கி.மீ.யில் டயரைக் காலி செய்கிறது.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் கார்களின் முன்சக்கரங்கள் கூடாரம் போலச் சாய்ந்திருப்பதைப் பார்த்து அதையே விரும்புபவர்கள் உண்டு. அங்கே வளைவுகளில் கார் வெளிப்புறம் சாயும்போது டயர் முழுதாகத் தரையில் பதிவதற்காக அப்படி வைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக நேராக ஓடும் காருக்கு அந்தத் தேவை இல்லை.

கேள்வி: டயரைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பார்ப்பதோடு தடவியும் பார்க்க வேண்டும். டயர்க்கடைகளில் பட்டன் என்று சொல்லும் மேற்கட்டைகளின் மீது உள்ளங்கையை வைத்து, காரின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகவும், பிறகு எதிர்த்திசையிலும் மெதுவாக இழுங்கள். மீனின் செதிலைத் தடவுவது போல ஒரு திசையில் வழுக்கியும் மறு திசையில் சொரசொரத்தும் இருந்தால் அது டோவின் அடையாளம். வெளிப்புறமாக இழுக்கும்போது சொரசொரத்தால் சக்கரங்கள் அளவுக்கு மீறி உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன, அதாவது டோ இன் கூடுதல். உட்புறமாக இழுக்கும்போது சொரசொரத்தால் டோ அவுட். இரு திசையிலும் வழவழப்பாக, உள்விளிம்பு மட்டும் சரிவாகக் குறைந்திருந்தால் கேம்பர்.

இரு விளிம்புகளும் ஒன்றுபோலத் தேய்ந்து நடுப்பகுதி நிற்பது காற்று குறைவாக ஓட்டியதன் விளைவு, நடுவில் மட்டும் தேய்வது காற்று அதிகமானதன் விளைவு. இவற்றுக்கும் தாழ்த்தியதற்கும் தொடர்பில்லை. டயரைச் சுற்றிலும் இடைவிட்டு இடைவிட்டுக் குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கிறது, அல்லது சக்கரம் பேலன்ஸ் இல்லாமல் துள்ளுகிறது. இந்தக் குழித் தேய்மானம் ஓடும்போது வீல் பேரிங் போய்விட்டதைப் போன்ற ஒரு முனகலை எழுப்பும். அதைக் கேட்டு நல்ல பேரிங்கை மாற்றிவிடாதீர்கள். நான்கில் ஒரு டயர் மட்டும் கெட்டிருந்தால், அந்த மூலையில் ஏதோ வளைந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உள்விளிம்பு வெளியிலிருந்து தெரியாது. ஒருமுறை காற்றடிக்கும் கடையில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து நிறுத்தியிருந்த ஒரு காரைப் பார்த்தேன். வெளிப்புறம் பட்டன் புதுசு போல நின்றது, உட்புறம் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் போய்க் கம்பி பளபளத்துக்கொண்டிருந்தது. கார் தாழ்த்தியவர்கள் மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்து உள்விளிம்பைப் பார்ப்பதை வழக்கமாகக் கொள்ள வேண்டும்.

கேள்வி: கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே தோராயமாக அளக்க முடியுமா?

முடியும். கேம்பருக்குத் தூக்குக்குண்டு போதும். மட்டமாக்கிய தரையில் நூலை ஃபெண்டர் விளிம்பில் ஒட்டி, சக்கரத்தின் நடுவே நேராகத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளந்து கழியுங்கள். 15 அங்குல ரிம்மில் ஏறத்தாழ 7 மி.மீ. வேறுபாடு ஒரு டிகிரி ஆகும். மேல் தூரம் அதிகமாக இருந்தால் எதிர்மக் கேம்பர்.

டோவுக்கு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, இரு முன்சக்கரங்களின் வெளிப்புறமும் நேரான அலுமினியச் சட்டங்களைச் சம உயரத்தில் டயரோடு ஒட்டி நிறுத்தி, சட்டங்களுக்கு இடையே உள்ள தூரத்தை டயருக்கு முன்னும் பின்னும் டேப்பால் அளக்க வேண்டும். 185/60 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 603 மி.மீ.; டயரின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் எடுத்த அளவுகளுக்கு இடையே 4 மி.மீ. வேறுபாடு வந்தால், ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 0.2 டிகிரி திரும்பியிருக்கிறது என்று பொருள். இது அலைன்மென்ட் இயந்திரத்துக்கு மாற்றல்ல. ஆனால் புது ஸ்பிரிங்கோடு ஐந்நூறு கி.மீ. பயணம் போகலாமா என்பதை முடிவு செய்ய இந்த அளவு போதுமானது.

கேள்வி: அலைன்மென்ட் கடையில் என்ன கேட்க வேண்டும்?

உயரத்தைச் சரிசெய்யாமல் அலைன்மென்டுக்குப் போகாதீர்கள். உயரம் மாறினால் கோணங்கள் எல்லாம் மாறும். ஸ்பிரிங் போட்ட அன்றே டோவை மட்டும் சரிசெய்துகொண்டு, சில நூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு முழு அலைன்மென்ட் செய்வதே நான் பின்பற்றும் முறை. திருகுவதற்கு முன் இருந்த அளவுகளையும் பின்பு வந்த அளவுகளையும் அச்சிட்டுக் கேளுங்கள். முன் சக்கரங்களை மட்டும் பார்த்து அனுப்பும் இடமாக இருந்தால், பின் சக்கர அளவுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். பின் பீம் சற்றுக் கோணலாக அமர்ந்திருந்தால் கார் நண்டு போல ஓடும். முன்பக்கத்தை எத்தனை முறை சரிசெய்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது.

கேள்வி: “இந்தக் காரில் கேம்பர் மாற்ற வழியில்லை” என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. ஸ்விஃப்ட்டில் ஸ்ட்ரட்டும் நக்கிளும் இரண்டு போல்ட்டுகளால் இணைவதால், அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக மையம் விலகிய கேம்பர் போல்ட்டைப் போட்டுத் திருத்த முடியும். போலோவில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் சொருகப்படுவதால் அந்த வழி இல்லை. இட வல வேறுபாடு இருந்தால் லோயர் ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமைத் தளர்த்திச் சிறிது நகர்த்திச் சமன் செய்யலாம், அவ்வளவுதான். பின் டார்ஷன் பீமில் கேம்பரும் டோவும் தயாரிக்கும்போதே நிலைத்துவிட்டவை. ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே சரிவான ஷிம் (மெல்லிய தகடு) வைப்பதே திருத்தும் வழி. பின் அளவு வெகுவாகப் பிசகியிருந்தால், ஷிம் தேடுவதற்கு முன் பீம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கார் தாழ்ந்ததால் மட்டும் பீமின் கேம்பர் பெரிதாக மாறிவிடாது.

கேள்வி: எவ்வளவு தாழ்த்தினால் இந்தத் தொல்லைகள் குறைவாக இருக்கும்?

25 முதல் 35 மி.மீ.க்குள் நிறுத்திக்கொள்ளும்படி கேட்பவர்களிடம் சொல்கிறேன். போலோவின் தரை இடைவெளி சுமார் 165 மி.மீ.; அதில் 35 போனால் 130 மிஞ்சும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல ஏறி இறங்க வேண்டும், ஆனால் நம் தெருக்களில் அப்படிக் கட்டியவை குறைவு. நான்கு பேரும் ஊருக்குப் போகும் மூட்டைகளும் ஏறிய பின், சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கும்போது தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பின் மீதே கார் அமர்ந்து ஓடினால், ஷாக் விரைவில் போகும், டயரில் குழித் தேய்மானம் தொடங்கும்.

கேள்வி: சட்டப்படி இது சரியா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஆகவே வேலையைத் தொடங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீடு கேட்பதில் சிக்கல் எழும்.

கேள்வி: ஏற்கெனவே உள்விளிம்பு தேய்ந்த டயர்களை இடம் மாற்றி ஓட்டலாமா?

கோணங்களைச் சரிசெய்த பிறகு, மிச்சமிருக்கும் பட்டனைப் பொறுத்து ஓட்டலாம். சரிசெய்யாமல் இடம் மாற்றினால் நான்கு டயரும் கெடும். திசை அம்புக்குறி இல்லாத டயரை ரிம்மிலிருந்து கழற்றி மறுபக்கம் திருப்பிப் போட்டால் தேய்ந்த விளிம்பு வெளியே வந்துவிடும். பக்கவாட்டில் ‘வெளிப்புறம்’ என்று குறித்த டயர்களுக்கு இது ஆகாது. பள்ளங்களுக்குள் குறுக்கே உள்ள தேய்மானக் குறிக்கட்டை 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும்; நடுவில் பட்டன் எவ்வளவு நின்றாலும், உள்விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் ரப்பர் அந்தக் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. கம்பி தெரியும் டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்திருக்க வேண்டாம்.